ஒரே ஃபிளைட், பக்கத்து பக்கத்து சீட்... டிக்கெட் விலை மட்டும் ஏன் மூன்று மடங்கு வித்தியாசம்?

செவ்வாய்க்கிழமை காலை 6 மணி. சென்னையிலிருந்து டெல்லிக்குக் கிளம்பும் விமானம் ஒன்றில், 18-வது வரிசையில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஜன்னல் ஓரத்தில் ஒரு ஐ.டி. ஊழியர். நண்பர்களோடு மணாலி டிரிப். இரண்டு மாதத்துக்கு முன்பே டிக்கெட் போட்டுவிட்டார். கொடுத்தது 4,500 ரூபாய்.

நடைபாதை ஓரத்தில் ஒரு மருந்து கம்பெனியின் சேல்ஸ் மேனேஜர். மதியம் டெல்லியில் மீட்டிங், ராத்திரியே ரிட்டர்ன். ஞாயிற்றுக்கிழமைதான் புக் செய்தார். 12,000 ரூபாய். பில் கம்பெனிக்கு.

நடு சீட்டில் இருப்பவர் முந்தின நாள் ராத்திரி பத்தரை மணிக்கு டிக்கெட் எடுத்தவர். டெல்லியில் வேலை பார்க்கும் அண்ணன் விபத்தில் சிக்கி ஐ.சி.யூ-வில் இருக்கிறார். இவர் கொடுத்தது 13,500 ரூபாய். சொந்தக் காசு. அதுவும் கிரெடிட் கார்டில்.

மூன்று பேருக்கும் ஒரே அளவு சீட், கால் வைக்க ஒரே இடம். மூன்று பேரும் ஒரே நிமிடத்தில்தான் தரையிறங்கப் போகிறார்கள். அப்படியிருக்க, விலை மட்டும் ஏன் இப்படி?

இந்த மூவரும், இந்த விலைகளும் உதாரணத்துக்காகச் சொன்னவை. ஆனால் அன்றாடம் பறக்கும் பெரும்பாலான விமானங்களில் நடப்பது இதுதான். இதற்குப் பின்னால் ஐம்பது வருடத்துக்கும் மேலாகச் செதுக்கப்பட்ட ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு ஜன்னல் ஓரத்துக்காரரையும் நடைபாதைக்காரரையும் ஓரளவு சரியாகவே அடையாளம் காண்கிறது. நடு சீட்டுக்காரரிடம்தான் தப்பு செய்கிறது.

கிளம்பிவிட்டால் போச்சு!

விமான சீட் என்பது கோயம்பேடு மார்க்கெட் கீரைக்கட்டு மாதிரி. கீரையையாவது சாயங்காலம் பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். விமானத்தின் கதவு மூடிய பிறகு காலி சீட்டின் மதிப்பு பூஜ்யம். அதை ஸ்டாக் வைத்து நாளைக்கு விற்க முடியாது.

இன்னொரு பக்கம் செலவைப் பாருங்கள். எரிபொருள், விமானத்தின் வாடகை, பைலட் சம்பளம், விமான நிலையக் கட்டணம்... விமானத்தில் 100 பேர் இருந்தாலும் 180 பேர் இருந்தாலும் இந்தச் செலவில் பெரிய மாற்றம் இருக்காது. கூடுதலாக ஒருவரை ஏற்றுவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அதனால் காலியாகப் போகும் சீட்டை எந்த விலைக்கு விற்றாலும் லாபம்தான் என்று தோன்றும்.

‘அப்போ எல்லா சீட்டையும் சீப்பாக விற்றுவிட வேண்டியதுதானே?’ என்றால், அங்கேதான் சிக்கல். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

180 சீட் உள்ள ஒரு விமானம். ஒரு டிரிப்புக்கு மொத்தச் செலவு 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேலை விஷயமாகப் போகிற 50 பேர், 12,000 ரூபாய் என்றாலும் வாங்கத் தயார். சுற்றுலா, கல்யாணம், சொந்த ஊர் என்று போக நினைக்கும் 150 பேர், 4,500 ரூபாய்க்கு மேல் போனால் டிரிப்பையே கேன்சல் செய்துவிடுவார்கள்.

எல்லோருக்கும் 12,000 என்று விலை வைத்தால்? 50 பேர் மட்டுமே வருவார்கள். வசூல் 6 லட்சம். 4 லட்சம் நஷ்டம்.

எல்லோருக்கும் 4,500 என்று வைத்தால்? விமானம் ஃபுல். 180 பேர். வசூல் 8 லட்சத்து 10 ஆயிரம். அப்போதும் கிட்டத்தட்ட 2 லட்சம் நஷ்டம்.

இரண்டு விலையும் வைத்தால்? 50 பேரிடம் 12,000 வீதம் 6 லட்சம். மீதி 130 சீட்டுக்கு 4,500 வீதம் 5 லட்சத்து 85 ஆயிரம். மொத்தம் 11 லட்சத்து 85 ஆயிரம். லாபம்!

அதாவது, ஒரே விலை என்றால் இந்த விமானம் பறக்கவே பறக்காது. இரண்டு விலை இருந்தால்தான் பறக்கும். சேல்ஸ் மேனேஜர் கொடுக்கும் அதிகப்படி காசு இல்லாவிட்டால், மணாலி டிரிப்காரருக்கு 4,500 ரூபாய் டிக்கெட்டும் இருக்காது. விமான நிறுவனங்கள் காலம்காலமாகச் சொல்லும் நியாயம் இதுதான். அதில் உண்மையும் இருக்கிறது.

பொருளாதாரத்தில் இதற்கு ‘விலைப் பாகுபாடு’ என்று பெயர். பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகூ 1920-ல் எழுதிய நூலில் இதை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார். ஆளுக்கு ஆள் தனி விலை ஒன்று. வாங்கும் அளவைப் பொறுத்த விலை இன்னொன்று. கூட்டத்தைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு விலை என்பது மூன்றாவது. தியேட்டரில் மாணவர் சலுகை இருப்பது இந்த மூன்றாவது வகை. ஆனால் தியேட்டரில் ஐ.டி. கார்டு காட்டினால் போதும். ‘நான் பிசினஸ் விஷயமாகப் போகிறேன், என்னிடம் மூன்று மடங்கு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று எந்தப் பயணி கார்டு காட்டுவார்?

கேட்காமலே கண்டுபிடிப்பது எப்படி?

யாரும் தானாகச் சொல்லப் போவதில்லை. அதனால் விமான நிறுவனங்கள் வேலி போட்டன. பணம் குறைவாகக் கொடுக்க வேண்டுமானால் சில அசௌகரியங்களைத் தாண்டி வர வேண்டும். சுற்றுலாப் பயணி அதைச் சுலபமாகத் தாண்டுவார். பிசினஸ் பயணியால் முடியாது.

முதல் வேலி, முன்பதிவு. கோவா டிரிப்புக்கு மாதக்கணக்கில் பிளான் போடுவோம். கிளையன்ட் மீட்டிங் பெரும்பாலும் இரண்டு நாளைக்கு முன்தான் முடிவாகும். அதனால் முன்கூட்டியே வாங்குபவருக்கு மலிவு, கடைசி நேரத்தில் வருபவருக்கு அதிகம்.

இரண்டாவது வேலி, சனிக்கிழமை இரவு. ‘போன ஊரில் சனிக்கிழமை ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பினால்தான் சலுகை விலை’ என்று அமெரிக்க விமான நிறுவனங்கள் பல வருடங்கள் நிபந்தனை வைத்திருந்தன. விசித்திரமாகத் தெரிகிறதா? யோசித்துப் பாருங்கள். திங்கட்கிழமை போய் புதன்கிழமை வேலையை முடித்தவர், சனிக்கிழமை வரை ஹோட்டலில் உட்கார்ந்திருப்பாரா? வீக்எண்டுக்கு வீட்டுக்குத்தானே ஓடுவார்! சுற்றுலா வந்தவருக்கோ சனிக்கிழமைதான் முக்கியமே. ஒரு கேள்விகூடக் கேட்காமல் இரண்டு கூட்டத்தையும் பிரித்துவிடும் நிபந்தனை அது. பட்ஜெட் விமான நிறுவனங்கள் வந்து, போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட் என்று தனித்தனியாக விற்க ஆரம்பித்ததும் இந்த வேலி பல இடங்களில் விழுந்துவிட்டது. இந்தியாவின் உள்நாட்டுப் பயணங்களில் இப்போது தனித்தனி டிக்கெட்தான் வழக்கம்.

மூன்றாவது வேலி, மாற்றும் வசதி. மலிவான டிக்கெட்டில் தேதி மாற்றினால் கட்டணம், கேன்சல் செய்தால் பெரும்பகுதி போச்சு. மீட்டிங் தள்ளிப்போகலாம் என்று தெரிந்தவர் ‘ஃப்ளெக்ஸி’ டிக்கெட் எடுப்பார். ஏர் இந்தியாவில் ‘வேல்யூ’, ‘கிளாசிக்’, ‘ஃப்ளெக்ஸ்’ என்று ஒரே எகானமி சீட்டுக்கு மூன்று பெயரில் விலை இருப்பது இதனால்தான்.

நான்காவது, நேரம். காலை 6 மணி விமானமும் ராத்திரி 8 மணி விமானமும் ஒரே நாளில் போய்விட்டுத் திரும்புபவருக்கானவை. மதியம் 2 மணிக்குக் கிளம்பும் விமானத்தை அவர் தொட மாட்டார். அதனால்தான் பல வழித்தடங்களில் மதிய விமானங்கள் மலிவாகக் கிடைக்கின்றன.

ஐந்தாவதாக ஒன்றும் இருக்கிறது. தனியாகப் போகிறீர்களா, கூட யாராவது வருகிறார்களா? அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் சில உள்நாட்டு வழித்தடங்களில் தனியாகப் பயணிப்பவருக்கு மட்டும் அதிக விலை காட்டுவது 2025 மே மாதத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டு பேர் சேர்ந்து புக் செய்தால் தலைக்கு விலை குறைந்தது. தனியாள் என்றால் பெரும்பாலும் ஆபீஸ் வேலை, இரண்டு பேர் என்றால் பெரும்பாலும் டூர். இதுதான் அதன் பின்னால் இருந்த ஊகம். விஷயம் வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பியதும் டெல்டா போன்றவை பின்வாங்கின.

கையில் வரும் காசை வேண்டாம் என்பது!

இதில் விமான நிறுவனத்துக்கு ஒரு தலைவலி உண்டு. பெரிய ஹீரோ படம் ரிலீஸ் ஆனால், ரொம்ப ஆர்வமாக இருப்பவர் முதல் ஷோவுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்துப் பார்ப்பார். காசு பார்த்துச் செலவழிப்பவர் இரண்டு வாரம் கழித்து வருவார். விமானத்தில் இது அப்படியே தலைகீழ். குறைவாகக் கொடுப்பவர் முதலில் வருகிறார். அதிகம் கொடுப்பவர் கடைசியில் வருகிறார்.

ஆக, முதலில் வருபவருக்கே எல்லா சீட்டையும் விற்றுவிட்டால், கடைசியில் 12,000 ரூபாயோடு வருபவருக்கு சீட் இருக்காது. அவருக்காக ரொம்ப சீட்டைப் பிடித்து வைத்து, அவர் வராமல் போனால், காலி சீட்டோடு பறக்க வேண்டும். எத்தனை சீட்டைப் பிடித்து வைப்பது?

1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனம் இந்தச் சிக்கலைச் சந்தித்தது. இன்றைய பிரிட்டிஷ் ஏர்வேஸின் முன்னோடி அது. 21 நாட்களுக்கு முன்பே புக் செய்பவர்களுக்குச் சலுகை விலை கொடுக்க ஆரம்பித்தபோது, எத்தனை சீட்டை அப்படி விற்கலாம் என்ற கேள்வி வந்தது. அங்கே வேலை பார்த்த கென் லிட்டில்வுட், 1972-ல் அதற்கு ஒரு விதியைக் கொடுத்தார்.

விதி ரொம்ப எளிமையானது. மலிவு விலை 4,500. அதிக விலை 12,000. ஒரு சீட்டைப் பிடித்து வைத்தால், கடைசி நேரத்தில் 12,000 கொடுக்க ஆள் வருவதற்கு 60 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்றால், அந்த சீட்டின் எதிர்பார்ப்பு மதிப்பு 7,200 ரூபாய். இது 4,500-ஐ விட அதிகம். எனவே, இன்று 4,500 ரூபாயோடு வருபவரிடம் ‘அந்த விலையில் இல்லை’ என்று சொல்லிவிடலாம். வாய்ப்பு 30 சதவீதம்தான் என்றால் மதிப்பு 3,600. அப்போது உடனே விற்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

எதிர்பார்ப்பு மதிப்பு, கையில் வரும் காசை விட அதிகமாக இருக்கும் வரை சீட்டைப் பிடித்து வை. இவ்வளவுதான் லிட்டில்வுட் விதி. இன்று ராட்சத சர்வர்கள் போடும் விலைக் கணக்கின் அடித்தளமும் இதுதான்.

ஒரு கம்பெனியையே சாய்த்த கணக்கு

இந்தக் கணக்கு எவ்வளவு பலமானது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை இருக்கிறது.

1978 வரை அங்கே உள்நாட்டு விமானக் கட்டணத்தை அரசு வாரியம்தான் முடிவு செய்தது. அந்த வருடம் அதிபர் ஜிம்மி கார்ட்டர் காலத்தில் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. புதிய நிறுவனங்கள் களத்தில் குதித்தன. அதில் ஒன்று, நியூஜெர்சியின் நியூவார்க்கிலிருந்து 1981-ல் பறக்கத் தொடங்கிய ‘பீப்பிள் எக்ஸ்பிரஸ்’. செம சிக்கனம். சாப்பாட்டுக்குத் தனிக் காசு, லக்கேஜுக்குத் தனிக் காசு. டிக்கெட் விலை அடிமட்டம். கல்லூரி மாணவர்களும் நடுத்தரக் குடும்பங்களும் குவிந்தார்கள்.

அதே விலைக்கு இறங்கினால் பெரிய நிறுவனமான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திவாலாகிவிடும். இறங்காவிட்டால் கூட்டம் போய்விடும். அதன் தலைவர் ராபர்ட் கிரான்டல் மூன்றாவதாக ஒரு வழி பார்த்தார். 1985 ஜனவரியில் ‘அல்டிமேட் சூப்பர் சேவர்’ என்ற பெயரில் வழக்கமான கட்டணத்திலிருந்து 70 சதவீதம் வரை தள்ளுபடி அறிவித்தார். ஆனால் எல்லா சீட்டுக்கும் இல்லை. முன்பதிவு உள்ளிட்ட நிபந்தனைகளோடு, காலியாகப் போகும் என்று கம்ப்யூட்டர் கணித்த சீட்டுகளுக்கு மட்டும். கடைசி நேரத்தில் வரும் பிசினஸ் பயணிக்கு அதே பழைய விலை.

அதாவது, ஒரே விமானத்தில் முன்வரிசைக்காரர் பழைய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விலையில் போனார். பின்வரிசைக்காரர் பீப்பிள் எக்ஸ்பிரஸ் விலையில் போனார். பீப்பிள் எக்ஸ்பிரஸிடம் இப்படி விலையைப் பிரித்து நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் வசதி இல்லை. 1986-ல் அது விற்கப்பட்டு, 1987-ல் கான்டினென்டல் நிறுவனத்தோடு கரைந்துபோனது. நிறுவனர் டொனால்ட் பர் பின்னாளில் வீழ்ச்சிக்கு முக்கியக் காரணமாகச் சொன்னதும் இந்தக் கம்ப்யூட்டர் வித்தையைத்தான். அமெரிக்கன் ஏர்லைன்ஸோ, இந்த முறையால் மூன்று வருடத்தில் 140 கோடி டாலர் ஆதாயம் கிடைத்ததாக 1990-களின் தொடக்கத்தில் கணக்குச் சொன்னது.

உங்கள் போனில் நடப்பது என்ன?

இந்தியாவில் விமானச் சேவையில் அரசு நிறுவனங்களுக்கு இருந்த ஏகபோகம் சட்டப்படி 1994-ல் முடிந்தது. 2003-ல் ஏர் டெக்கான் வந்தது. 2006-ல் இண்டிகோ பறக்கத் தொடங்கியது. இப்போது கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன. டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கண்காணிக்கிறது.

புக்கிங் ஆப்பைத் திறந்தால் நீங்கள் பார்ப்பது ஒரே ஒரு விலை. ஆனால் அதன் பின்னால் எகானமி வகுப்பே பல ‘பக்கெட்’களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பக்கெட்டுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. உதாரணத்துக்கு, முதல் பக்கெட்டில் 20 சீட் 4,500 ரூபாய். அது தீர்ந்ததும் அடுத்தது 5,300. அதற்கடுத்து 6,400. ஒரு பக்கெட்டில் கடைசி சீட்டை யாராவது வாங்கிய நொடியில், உங்கள் திரையில் விலை தாவும். ‘டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள 900 ரூபாய் ஏறிடுச்சு’ என்று புலம்புவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

விற்பனை மந்தமாக இருந்தால், நிறுவனத்தின் வருவாய் நிர்வாகக் குழு மலிவு பக்கெட்டைத் திரும்பத் திறக்கும். அதனால் விலை எப்போதும் ஏறிக்கொண்டே போகும் என்றும் இல்லை.

பொங்கலுக்கு மதுரை, தூத்துக்குடி விமானங்களில் விலை எகிறுவது இதோடு சேர்ந்த இன்னொரு கணக்கு. அங்கே பிசினஸ், டூர் என்ற பிரிவினை இல்லை. எல்லோரும் ஒரே நாளில் ஊருக்குக் கிளம்புகிறார்கள், சீட் குறைவு. ஆம்னி பஸ்ஸில் நடப்பதும் அதுதான்.

ரயிலிலும் இந்தச் சாயல் உண்டு. ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் 2016 செப்டம்பரில் ‘ஃப்ளெக்ஸி ஃபேர்’ வந்தது. ஒவ்வொரு 10 சதவீத இடம் நிரம்பும்போதும் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் ஏறும். தொடக்கத்தில் உச்சவரம்பு 50 சதவீதமாக இருந்தது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். ரயிலின் விதி எல்லோருக்கும் தெரியும். விமானத்தில் எந்த பக்கெட்டில் எத்தனை சீட் என்பது நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும்.

கூரை இல்லாத ரயில் பெட்டி

சரி, மலிவு டிக்கெட்டில் கால் நீட்ட இடமில்லை, சீட் தேர்வு செய்யக் காசு, தண்ணீர் பாட்டிலுக்குக் காசு என்று இழுப்பது ஏன்? எல்லாமே செலவைக் குறைக்கத்தானா?

1849-லேயே இதற்கு ஒருவர் பதில் சொல்லிவிட்டார். பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்யூய். அந்தக் கால ரயில்களில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை இருக்காது. கூரை போடப் பெரிய செலவு ஆகாது. ஆனாலும் கம்பெனிகள் போடவில்லை. ஏழைகளை வதைப்பது அதன் நோக்கம் இல்லை என்றார் துப்யூய். இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது, அவரைப் பயமுறுத்தத்தான் கூரை இல்லை. அடி விழுவது ஏழைக்கு, ஆனால் குறி பணக்காரர் மீது.

இன்றைய மலிவு டிக்கெட்டின் அசௌகரியங்கள் சிலவற்றுக்கும் இதே வேலைதான். மேலே இருக்கும் டிக்கெட்டை ஆசைப்பட வைப்பது. பல வருடங்கள் ஒரே வகுப்போடு பறந்த இண்டிகோ, 2024 நவம்பரில் டெல்லி–மும்பை வழித்தடத்தில் ‘ஸ்ட்ரெச்’ என்ற பெயரில் பிசினஸ் வகுப்பைத் தொடங்கியதும் இந்தக் கூட்டத்தைக் குறிவைத்துத்தான்.

வரியிலும் ஒரு சின்ன ரகசியம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் எகானமி டிக்கெட்டுக்கு 5 சதவீதமும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 18 சதவீதமும் ஜி.எஸ்.டி. அலுவல் பயணம் என்றால், ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கம்பெனி தன் விதிகளுக்கு உட்பட்டு இதை வரவு வைத்துக்கொள்ள முடியும். சொந்தக் காசில் போகிறவருக்கு அந்த வழி இல்லை. ஒரே விலை என்றாலும் பாரம் ஒன்றல்ல.

‘இன்காக்னிட்டோ’வில் தேடினால் குறையுமா?

இது வாட்ஸ்அப்பில் சுற்றும் பிரபலமான டிப்ஸ். திரும்பத் திரும்பத் தேடினால் ஆப் உங்கள் ஆசையைப் புரிந்துகொண்டு விலையை ஏற்றும் என்பது பலரின் நம்பிக்கை. ஆனால் பெரும்பாலான விலைத் தாவல்களுக்கு, மேலே சொன்ன பக்கெட் கணக்கே போதுமான விளக்கம். நீங்கள் தேடும் அதே நேரத்தில் நாடு முழுக்கப் பலர் அதே சீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் நாளைக்கும் இப்படியே இருக்குமா என்பது வேறு கேள்வி. 2025 ஜூலையில், தன் உள்நாட்டுக் கட்டணங்களில் சுமார் 3 சதவீதத்தை ஏஐ உதவியோடு நிர்ணயிப்பதாகவும், வருட இறுதிக்குள் அதை 20 சதவீதமாக்கத் திட்டம் என்றும் அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் சொன்னது. ‘ஒவ்வொரு ஆளும் எவ்வளவு தாங்குவார் என்று பார்த்து விலை வைக்கப் போகிறீர்களா?’ என்று அமெரிக்க செனட்டர்கள் கடிதம் எழுதிக் கேட்டார்கள். தனிநபர் தகவலை வைத்து ஆளுக்கு ஆள் விலை வைக்கவில்லை, வைக்கும் திட்டமும் இல்லை என்று டெல்டா பதில் சொன்னது. பிகூ சொன்ன முதல் வகைப் பாகுபாடு, நூறு வருடம் கழித்து நிஜத்தில் சாத்தியமாகும் இடத்துக்குத் தொழில்நுட்பம் வந்திருக்கிறது என்பதுதான் அந்தக் கடிதத்தின் பின்னால் இருந்த பயம்.

நடு சீட்டுக்காரரை என்ன செய்வது?

இப்போது 18-வது வரிசைக்குத் திரும்பலாம்.

கணினிக்கு நடு சீட்டுக்காரர் எப்படித் தெரிகிறார்? கடைசி நேர புக்கிங். தனியாள். காலை முதல் விமானம். ரிட்டர்ன் தேதி தெரியாது, அதனால் மாற்றும் வசதி வேண்டும். எல்லா அடையாளமும் பக்காவாகப் பொருந்துகிறது. ‘இவர் பிசினஸ் பயணி, விலை எவ்வளவு இருந்தாலும் வாங்குவார்.’

கணிப்பின் இரண்டாம் பாதி சரிதான். விலை எவ்வளவு இருந்தாலும் அவர் வாங்கத்தான் செய்வார். ஆனால், பில்லைக் கம்பெனி கட்டப்போவதில்லை. அவருக்கு வேறு வழி இல்லை, அதனால் வாங்குகிறார். ‘கொடுக்க முடியும்’ என்பதும் ‘கொடுத்தே ஆக வேண்டும்’ என்பதும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் சில நாடுகளில் துக்கக் கட்டணம் என்ற சலுகை வந்தது. நெருங்கிய உறவினர் இறந்தாலோ, உயிருக்குப் போராடினாலோ, விவரம் கொடுத்துக் கடைசி நேரத்திலும் ஓரளவு குறைந்த விலையில் பறக்கலாம். டெல்டா, ஏர் கனடா போன்றவற்றில் இது இருக்கிறது. ஆனால் டெல்டாவில் இதை ஆன்லைனில் வாங்க முடியாது, போன் செய்துதான் கேட்க வேண்டும்.

ஏர் கனடா விஷயத்தில் இது வழக்காகவே வந்தது. 2022 நவம்பரில் பாட்டி இறந்த செய்தி கேட்டு டொரன்டோவுக்குக் கிளம்பிய ஒரு பயணி, அதன் இணையதள சாட்பாட்டிடம் விவரம் கேட்டார். முதலில் டிக்கெட் வாங்கிவிட்டுப் பிறகு சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது சாட்பாட். அவர் அப்படியே செய்தார். ‘பயணத்துக்குப் பிறகு சலுகை கிடையாது, சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்ற ரீதியில் நிறுவனம் கைவிரித்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம், தன் இணையதளத்தில் இருக்கும் எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, சுமார் 650 கனடிய டாலர் இழப்பீடும், அதற்கு மேல் வட்டியும் செலவுத் தொகையும் தர உத்தரவிட்டது.

இந்தியாவில் அரசு அவ்வப்போது வேறொரு கருவியை எடுக்கிறது. உச்சவரம்பு. கொரோனா ஊரடங்குக்குப் பிறகு 2020 மே 25-ல் விமானங்கள் மீண்டும் பறந்தபோது, கட்டணத்துக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டும் வைக்கப்பட்டன. 2022 ஆகஸ்ட் 31-ல் அவை நீக்கப்பட்டன. 2025 டிசம்பரில் பைலட்டுகளின் பணிநேர விதிமுறை மாற்றத்தை ஒட்டி இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தபோது, மற்ற விமானங்களில் விலை விண்ணைத் தொட்டது. உடனே அரசு தற்காலிக உச்சவரம்பு அறிவித்தது: 500 கி.மீ. வரை 7,500 ரூபாய், 1,000 கி.மீ. வரை 12,000, 1,500 கி.மீ. வரை 15,000, அதற்கு மேல் 18,000.

உச்சவரம்பை எப்போதுமே வைத்துவிட்டால் என்ன? கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முதலில் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். அந்த 12,000 ரூபாய் டிக்கெட்டை 7,000 என்று கட்டினால், 50 பேரிடம் கிடைப்பது மூன்றரை லட்சம்தான். மொத்த வசூல் 9 லட்சத்து 35 ஆயிரமாகக் குறையும். 10 லட்சம் செலவுக்குப் போதாது. ஒன்று, 4,500 ரூபாய் டிக்கெட் விலை ஏறும். இல்லையென்றால் அந்த விமானமே நிறுத்தப்படும். நெருக்கடி நேரத்தில், அதுவும் போட்டி குறைந்த சந்தையில், உச்சவரம்பு ஒரு பாதுகாப்பு. தினசரி மருந்தாக எடுத்தால் பக்கவிளைவு ஜன்னல் ஓரத்துக்காரருக்கு.

துக்கக் கட்டணத்தில் அந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. மருத்துவமனைக் கடிதத்தோடு வருபவர்கள் ஒரு விமானத்தில் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? மாணவர், மூத்த குடிமக்கள், ராணுவத்தினருக்கு ஐ.டி. கார்டு பார்த்துச் சலுகை கொடுக்கும் இந்திய நிறுவனங்களுக்கு, இதையும் சரிபார்ப்பது முடியாத காரியம் இல்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

* குடும்பமாகப் புக் செய்கிறீர்களா? முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். மலிவு பக்கெட்டில் இரண்டு சீட்தான் மிச்சம் என்றால், நான்கு பேருக்குத் தேடும்போது நான்கு பேருக்குமே அடுத்த விலையைக் காட்ட வாய்ப்பு உண்டு. அப்படியானால் இரண்டிரண்டாகப் புக் செய்யலாம்.

* காலை முதல் விமானம், மாலை நேர விமானம் இரண்டும் ஆபீஸ் கூட்டத்துக்கானவை. நேரம் கையில் இருந்தால் மதிய விமானத்தைப் பாருங்கள்.

* தேதி மாற வாய்ப்பு இருந்தால், மலிவு டிக்கெட் விலையோடு மாற்றக் கட்டணத்தையும் கூட்டி, ஃப்ளெக்ஸி விலையோடு ஒப்பிடுங்கள். சில நேரம் ‘காஸ்ட்லி’ டிக்கெட்தான் சீப்.

* ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டைக் கேன்சல் செய்தாலும், அதில் இருக்கும் அரசு வரிகள், விமான நிலையப் பயனாளர் கட்டணம் போன்றவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்பது டி.ஜி.சி.ஏ. விதி. ‘ஒண்ணும் வராது’ என்று விட்டுவிடாதீர்கள்.

* அவசரப் பயணம் என்றால், நேரடி விமானத்தோடு நின்றுவிடாமல் ஹைதராபாத், பெங்களூரு வழியாக மாறிப்போகும் விமானங்களையும் பாருங்கள். பிசினஸ் பயணிகள் அதை விரும்ப மாட்டார்கள் என்பதால் விலை குறைவாக இருக்கலாம். வெளிநாட்டு விமானம் என்றால் துக்கக் கட்டணம் உண்டா என்று போனில் பேசிக் கேட்டுவிடுங்கள்.

* ஆபீஸ் டிக்கெட் என்றால் கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண்ணைப் புக்கிங்கிலேயே கொடுத்துவிடுங்கள். பிறகு சேர்ப்பது பெரிய அலைச்சல்.

விமானம் டெல்லியில் இறங்குகிறது. ஜன்னல் ஓரத்துக்காரர் நண்பர்களுக்கு போட்டோ அனுப்புகிறார். சேல்ஸ் மேனேஜர் லேப்டாப் பையை எடுத்துக்கொண்டு கேப் புக் செய்கிறார். நடு சீட்டுக்காரர் போனை ஆன் செய்து, மருத்துவமனையிலிருந்து ஏதாவது மெசேஜ் வந்திருக்கிறதா என்று பார்க்கிறார். ரிட்டர்ன் டிக்கெட்டை அவர் இன்னும் எடுக்கவில்லை. எந்தத் தேதிக்கு எடுப்பது என்று அவருக்கே தெரியாது. எடுக்கும்போது, அதுவும் கடைசி நேர விலையாகத்தான் இருக்கும்.